புத்தகத்துக்கும் தரகர் உண்டு

தரகர் யார் என்பதை வியாபாரிகளுக்கு விளக்கத் தேவையில்லை. காணி வாங்கினாலும் வாகனம் விற்றாலும் இடையில் ஒருவர் நிற்பார். 1883 ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்திலும் அப்படித்தான். தரகர் தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்க்கிறார். விலை மதித்து, ஏலத்தில் விற்றுக் கொடுக்கிறார். விற்ற பணத்திலிருந்து அவருக்குரிய பங்கு வருகிறது.

புத்தக உலகிலும் இப்படியொரு தரகர் இருக்கிறார். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அவரை ‘லிட்டரறி ஏஜென்ட்’ என்கிறார்கள். இலக்கிய முகவர் என்று நாம் சொல்லலாம்.

வியாபாரப் பக்கத்தில் நாவலுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஒரு மின்னஞ்சலை அச்செடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவருடைய மகள் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். அதை அனுப்பிவைத்த வெளிநாட்டுக் கம்பனி ஒன்று பதில் போட்டிருந்தது. நாவல் மிகச் சிறப்பானது, வெளியிட ஆயத்தமாக இருக்கிறோம், செலவில் ஒரு பங்கை மட்டும் எழுத்தாளர் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த ‘ஒரு பங்கு’ நமது காசில் பல இலட்சம் ரூபா.

“நானா, புள்ள மூணு வருஷம் கஷ்டப்பட்டு எழுதினது. பெருநாள் சரக்குக்கு வெச்ச காச எடுத்துக் குடுத்திடவா?” என்று கேட்டார்.

“உங்களிடம் துணி வாங்க வாற ஆள், உங்களிடமே காசு கேட்டால் குடுப்பீங்களா?” என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இதுதான் இத்தொழிலின் முதல் விதி. பணம் எழுத்தாளரை நோக்கியே வரவேண்டும். பதிப்பாளர் நாவலின் உரிமையை வாங்குகிறவர். முகவர் அதை விற்றுக் கொடுக்கிறவர். இருவரில் எவரும் எழுத்தாளரிடம் முற்பணம் கேட்பதில்லை. ‘வாசிப்புக் கட்டணம்’, ‘பதிவுக் கட்டணம்’ என்று ஒருவர் கேட்டால் அவர் முகவர் அல்ல. அவருடைய வருமானம் வாசகரிடமிருந்து வருவதில்லை, புத்தகம் எழுதுகிறவரிடமிருந்தே வருகிறது. ஆகவே புத்தகம் விற்றாலும் விற்காவிட்டாலும் அவருக்குக் கவலை இல்லை.

லண்டனில் இத்தொழிலை 19 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நிலைநிறுத்தியவர் ஏ.பி. வொட் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். அவர் நூற்றுக்குப் பத்து வீதம் எடுத்தார். இன்று பொதுவாக உள்நாட்டு விற்பனைக்கு 15 வீதம், வெளிநாட்டு உரிமைக்கும் மொழிபெயர்ப்புக்கும் 20 வீதம். உதாரணமாக, ஒரு பதிப்பாளர் 4,000 பவுண் முற்பணம் தந்தால் முகவருக்கு 600, எழுத்தாளருக்கு 3,400. அதுவும் ஒரேயடியாக வராது. கையெழுத்திடும்போது ஒரு பகுதி, புத்தகம் வெளிவரும்போது ஒரு பகுதி என்று தவணையில் வரும். விற்பனையில் எழுத்தாளருக்குச் சேரும் ரோயல்ட்டி இந்த முற்பணத்தைத் தாண்டிய பிறகே மேலதிகப் பணம் கிடைக்கும். புத்தகம் ஓடவில்லை என்பதற்காக முற்பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

முகவரைத் தேடுவது எப்படி? முதலில் நாவலை முழுமையாக எழுதி முடிக்க வேண்டும். பாதிக் கதையைக் காட்டி முதல் நாவலை விற்க முடியாது. பிறகு ஒரு பக்கக் கடிதம், முடிவையும் சேர்த்துச் சொல்லும் கதைச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள். பிரித்தானியாவில் பெரும்பாலும் கேட்பது இவற்றைத்தான். ஒவ்வொரு முகவரும் தம் இணையத்தளத்தில் விதிகளைப் போட்டிருப்பார். அதன்படியே அனுப்ப வேண்டும். ஆண்டுதோறும் வெளிவரும் ‘ரைட்டர்ஸ் அன்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ் இயர்புக்’ என்ற நூலில் முகவர்களின் விபரம் இருக்கிறது. நமது நாவலைப் போன்றவற்றை விற்றவர் யார் என்று பார்த்து, ஒரே காலத்தில் பலருக்கும் எழுதலாம். பதில் வர மாதங்கள் ஆகும். பதிலே வராவிட்டால் இல்லை என்றே பொருள்.

நிராகரிப்பைக் கண்டு கலங்க வேண்டாம். ஹரி பொட்டர் எழுதிய ஜே.கே. ரோலிங் முதலில் எழுதிய முகவர் கதையைத் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்தவரான கிறிஸ்டோபர் லிட்டில் ஏற்றுக்கொண்டார். அவர் காட்டியும் 12 பதிப்பகங்கள் வேண்டாம் என்றன. கடைசியில் புளூம்ஸ்பரி ஏற்று, 1997 ஜூன் 26 இல் வெளியிட்டது. கெட்டி அட்டையில் அச்சிட்டது 500 பிரதிகள் மட்டுமே. அதே ஆண்டு அமெரிக்க உரிமை தனியாக ஏலத்துக்கு வந்தபோது ஸ்கொலாஸ்டிக் நிறுவனம் 105,000 டொலர் கொடுத்து வாங்கியது. ஒரே சரக்கை நாடு நாடாக, மொழி மொழியாகத் தனித்தனியே விற்கலாம் என்பதை அறிந்தவர்தான் நல்ல முகவர். அவருடைய 15 வீதம் நியாயமான கூலி.

நமது நாட்டு நிலைமை வேறு. இங்கே தமிழ் நாவலுக்கு முகவர் என்று ஒருவர் இல்லை. எழுதியவரே பெரும்பாலும் அச்சகத்துக்குப் பணம் கட்டி, விழா வைத்து, பிரதிகளைச் சுமந்து விற்கிறார். இதையும் மேலே சொன்ன மோசடியையும் ஒன்றாக எண்ணக் கூடாது. அச்சகத்துக்குக் கொடுப்பது வேலைக்குரிய கூலி. பிரதிகளும் உரிமையும் நம்முடையவை. ஷெஹான் கருணாதிலக்கவின் ‘சைனாமேன்’ 2008 ஆம் ஆண்டுக்கான கிரேஷியன் பரிசைக் கையெழுத்துப் பிரதியாகவே வென்றது. 2010 இல் அவர் அதைத் தாமே இங்கு வெளியிட்டார். பிறகு அது இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் வெளிவந்து, 2012 இல் பொதுநலவாய நூற் பரிசைப் பெற்றது. 2022 இல் அவருடைய அடுத்த நாவலுக்குப் புக்கர் பரிசு கிடைத்தது. ஆங்கிலத்தில் எழுதும் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. கிரேஷியன் பரிசுக்கு அச்சிடாத பிரதியையும் அனுப்பலாம்.

சொந்தமாக அச்சிடுகிறவர்கள் முதலில் கணக்குப் போட வேண்டும். புத்தகக் கடைக்குக் கழிவு கொடுக்க வேண்டும். விற்ற பின்பே காசு வரும். ஆயிரம் அடித்து வீட்டில் அடுக்குவதைவிட முந்நூறு அடித்து விற்பது மேல். ஐ.எஸ்.பி.என். இலக்கத்தைத் தேசிய நூலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவரின் ஆயுட்காலமும் அதன் பின் 70 வருடமும் உரிமை நிலைக்கிறது. பேரப்பிள்ளைகள் வரை போகும் சொத்தை விளங்காத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடக் கூடாது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி சூரதுல் பகரா நமக்குக் கற்பித்திருக்கிறது. புத்தக ஒப்பந்தத்துக்கும் அந்த ஒழுங்கு வேண்டும். எந்த நாட்டு உரிமை, எத்தனை வருடம், எத்தனை வீதம், அச்சு நின்றால் உரிமை எப்போது திரும்பும் என்ற நான்கும் எழுத்தில் இருக்கட்டும். ஒரு சட்டத்தரணியிடம் காட்டுவதில் நட்டமில்லை.

இலங்கையின் முதலாவது தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் ‘அசன்பேயுடைய கதை’ 1885 இல் வெளிவந்தது. எழுதியவர் நம்மவரான அறிஞர் சித்திலெப்பை. அதற்கு மூன்று வருடம் முன்பே ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவர் அவர். அந்த வரிசையில் வரும் பிள்ளைகள் இன்று நம் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

துணிக்கடை நண்பர் அந்தக் கம்பனிக்குப் பணம் அனுப்பவில்லை. மகள் இப்போது லண்டன் முகவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதி வருகிறார். இதுவரை இருவர் மறுத்துவிட்டார்கள். அதில் ஒருவர் இரண்டாம் அத்தியாயம் மெதுவாகப் போகிறது என்று காரணமும் சொல்லியிருக்கிறார். காசு கேட்காமல் குறை சொல்லும் அந்த ஒரு வரி, காசு கேட்டு வந்த முழுப்பக்கப் புகழைவிடப் பெறுமதியானது. உங்கள் பிள்ளை எழுதினால் தடுக்காதீர்கள். காசோலைப் புத்தகத்தைத் திறக்கும் முன், இதில் யார் விற்கிறார், யார் வாங்குகிறார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.