மண் அணை கசியத்தான் வேண்டும்

சிங்கப்பூரின் சாங்கியில் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டுப் ‘புதுநீர்’ ஆகிறது, துவாஸில் கடல்நீர் குடிநீராகிறது. இந்தக் காலத்தில் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பி மழைநீரைத் தேக்குவது பாட்டன் காலத்து வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் புதுநீரின் பெரும்பங்கு சில்லு ஆலைகளுக்கும் குளிரூட்டும் அமைப்புகளுக்கும் போகிறது. வறண்ட மாதங்களில் ஒரு பகுதி நீர்த்தேக்கங்களில் கலந்து, மறுபடி சுத்திகரிக்கப்பட்ட பிறகே வீட்டுக் குழாய்க்கு வருகிறது. அதாவது புதுநீருக்கும் பழைய நீர்த்தேக்கத்தின் தயவு தேவை. சிங்கப்பூரில் அந்த நீர்த்தேக்க வரிசை 1868இல் தாம்சன் சாலையருகே தொடங்கியது. அந்த முதல் நீர்த்தேக்கம் 1922இல் மக்ரிட்சி என்று பெயர் பெற்றது. (கரை எழும்பியும், நீரை ஏற்றும் இயந்திரங்களும் குழாய்களும் அமைந்து நகருக்குத் தண்ணீர் போய்ச்சேர ஏறத்தாழ பத்தாண்டு ஆனது தனிக்கதை.) பிறகு, காலாங் ஆற்றின் மேற்பகுதியில் 1912இல் லோவர் பியர்ஸும், அதற்கும் மேலே 1975இல் அப்பர் பியர்ஸும் வந்தன. மூன்றும் மண்கரைகளே.

மண் அணை கசிந்தால் ஆபத்து என்பது பொதுவான அச்சம். என் பார்வையில் கேட்க வேண்டியது கசிகிறதா என்பதல்ல, எந்த வழியாக, எப்படிக் கசிகிறது என்பதே. எந்த மண்ணும் நீரை முழுதாக நிறுத்தாது. அதனால் கரையின் நடுவில் களிமண்ணை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி உருளையால் இறுக்குகிறார்கள். ஈரம் அளவோடு இருக்க வேண்டும்: கைப்பிடியில் அழுத்தினால் உருண்டையாக நிற்கணும், விரலில் ஒட்டிப் பிசுபிசுக்கக் கூடாது. களிமண்ணைத் தாண்டி வரும் நீரை அதன் பின்னாலுள்ள மணல் வடிகட்டி வாங்கிக்கொள்கிறது. நீர் போகும், மண்துகள் நிற்கும். அடிவாரத்தில் வடியும் நீரை அளந்து பார்ப்பது காவல் வேலையின் சாரம். தெளிவாகவும் ஒரே அளவிலும் வந்தால் கவலையில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கப்படுகிறது என்று பொருள். அமெரிக்காவின் இடஹோவில் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று, முதன்முறை நிரம்பும்போதே, இப்படி உள்ளரித்து உடைந்தது. 11 பேர் இறந்தனர்.

அப்படியானால் கான்கிரீட்டே கட்டலாமே என்று கேட்கலாம். கனமான கான்கிரீட் சுவருக்கு அடியில் உறுதியான பாறை வேண்டும். சிங்கப்பூரின் மையப் பகுதியில் கருங்கல் இருந்தாலும், மேலே பல மீட்டர் ஆழத்துக்கு அது மட்கி மண்ணாகிவிட்டது. அடித்தளம் கொஞ்சம் அமிழ்ந்தால் கான்கிரீட் விரிசல் விடும். அகலமான மண்கரை அந்த அசைவைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் ஒரு குறையை மறைக்க முடியாது. கரைமேல் நீர் வழிந்தால் மண் அணை தப்பாது. 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மச்சு அணையில் நடந்தது அதுதான். மோர்பி நகரமே மூழ்கியது. அதனால்தான் மிகுநீர் போக்கியை மட்டும் கான்கிரீட்டில், பெருமழைக்கு ஈடுகொடுக்கும் அளவில் தனியாகக் கட்டுகிறார்கள். அதில் சிக்கனம் பிடித்தால் நல்ல களிமண்ணும் நல்ல வடிகட்டியும் வீண்.

மண்கரைச் சரிவில் புல் மட்டுமே வளர்க்கிறார்கள். நிழலுக்கு நாலு மரம் வைத்தால் என்ன என்று கேட்காதீர்கள். மரம் பட்டுப்போனால் மட்கிய வேர் விட்டுச்செல்லும் துளையில் நீர் வழி தேடிக்கொள்ளும்.