தொலைவின் செலவை யார் சுமப்பது?

வேல்ஸின் நடுப்பகுதியில், இங்கிலாந்து எல்லையை ஒட்டிக் கிடக்கும் மலைநாடு போவிஸ். பரப்பு ஏறத்தாழ 5,180 சதுர கிலோமீட்டர். வேல்ஸ் மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கு. ஆனால் 2021 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 1,33,000 பேர்தான். சதுர கிலோமீட்டருக்கு 26 பேர். செம்மறி ஆடுகள் மேயும் சரிவுகள், பள்ளத்தாக்குகளில் சிதறிய பண்ணை வீடுகள், இடையிடையே சிறு சந்தை ஊர்கள் என்று விரியும் இந்தப் பகுதியை நிர்வகிப்பது 68 உறுப்பினர்கள் கொண்ட ஒரு கவுன்டி கவுன்சில். லான்ட்ரின்டாட் வெல்ஸ் என்ற சிற்றூரில் அதன் தலைமையகம். இப்படியொரு கவுன்சிலின் நிகழ்ச்சி நிரலில் என்னென்ன இருக்கும்? குண்டும் குழியுமான பண்ணைச் சாலை, பிள்ளைகள் குறைந்துபோன ஆரம்பப் பள்ளி, புதிய கோழிப் பண்ணைக்கு அனுமதி, கவுன்சிலுக்குச் சொந்தமான நிலத்தின் குத்தகை, அடுத்த ஆண்டு வரி. ஒவ்வொன்றும் சில்லறை விவகாரமாகத் தெரியும். ஆனால் இவை அனைத்துக்கும் அடியில் ஒரே கேள்விதான் ஓடுகிறது. மக்கள் விலகி விலகி வாழும் நிலத்தில் தொலைவு என்பது ஒரு செலவு. அதைப் பொதுப் பணம் சுமப்பதா, தனிக் குடும்பம் சுமப்பதா? வெளிப்படையாகச் சொல்லப்படாத அந்தக் கேள்விக்குப் பதில் எழுதப்படும் இடம் என்பதால்தான் அந்தச் சலிப்பூட்டும் கூட்டங்களை நான் மிக முக்கியமானவை என்று கருதுகிறேன்.

இந்த அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1996 ஏப்ரல் 1 முதல் வேல்ஸில் 22 கவுன்சில்கள் இருக்கின்றன. பள்ளிகள், உள்ளூர்ச் சாலைகள், முதியோர் பராமரிப்பு, குப்பை அகற்றுதல், நூலகம், கட்டட அனுமதி எல்லாம் பெரும்பாலும் ஒரே கவுன்சிலின் பொறுப்பு. பணத்தின் பெரும்பகுதி கார்டிஃபில் உள்ள வேல்ஸ் அரசிடமிருந்து மானியமாக வருகிறது. மீதிக்கு வீடுகள் மீது கவுன்சில் வரி விதிக்கப்படுகிறது. ஆண்டுதோறும் மார்ச் 11-க்குள் அந்த வரியைத் தீர்மானித்தாக வேண்டும் என்பது சட்டம். அன்றாட முடிவுகளில் பலவற்றைத் தலைவரும் சில உறுப்பினர்களும் அடங்கிய அமைச்சரவை எடுக்கிறது; அவற்றைத் துருவிப் பார்க்க ஆய்வுக் குழுக்கள் உண்டு. பட்ஜெட்டும் வரியும் மட்டும் எல்லா உறுப்பினர்களும் கூடும் முழு மன்றத்தின் வாக்குக்கு வந்தே தீர வேண்டும். பள்ளிகளும் சமூகப் பராமரிப்பும் பட்ஜெட்டின் பெரும்பங்கை எடுத்துக்கொள்வதால், மிஞ்சும் தொகைக்குள்தான் சாலையும் நூலகமும் முட்டிமோத வேண்டியிருக்கிறது.

தொலைவின் செலவு பற்றிய சண்டை வேல்ஸுக்குப் புதிதல்ல. 1839-லும், பிறகு 1842, 1843 ஆண்டுகளிலும், மேற்கு வேல்ஸின் சிறு விவசாயிகள் இரவில் பெண் வேடமிட்டுக் கூட்டமாகச் சென்று சுங்கச் சாவடிகளை உடைத்தார்கள். ரெபேக்கா கலகம் என்று வரலாறு சொல்வது இதைத்தான். அமிலத்தன்மை ஏறிய மண்ணைத் திருத்தச் சுண்ணாம்பு ஏற்றி வரும் வண்டி, வழியில் ஒவ்வொரு சாவடியிலும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. சூளையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறானோ அவ்வளவு அதிகம் அந்த விவசாயி இழந்தான். விசாரணைக்குப் பின் 1844-ல் வந்த சட்டம், தென் வேல்ஸ் சாலைகளைக் கவுன்டி அளவிலான வாரியங்களின் கீழ் கொண்டுவந்தது. ஆனாலும் கவுன்டி நிர்வாகம் அப்போது நிலக்கிழார்களான நீதிபதிகள் கையில் இருந்தது. அவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. 1888-ல் நிறைவேறிய சட்டத்தின்படி 1889 ஜனவரியில் முதல் கவுன்டி கவுன்சில் தேர்தல் நடந்தபோது, வேல்ஸில் பிரெக்னாக் கவுன்டி தவிர ஏறக்குறைய எல்லா இடங்களிலும் லிபரல் கட்சியினர் வென்றார்கள். நிலக்கிழார்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த அதிகாரம் ஒரே தேர்தலில் கைமாறியது. சாலைக்கும் வரிக்கும் பதில் சொல்ல வேண்டியவர், அவற்றால் பாதிக்கப்படுபவர்களின் வாக்கால் வந்தவராக இருக்க வேண்டும் என்ற கொள்கை அப்படித்தான் அங்கே வேரூன்றியது.

அந்தக் கொள்கை இன்று மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுவது கிராமப் பள்ளியில். பிள்ளைகள் குறைந்தாலும் கட்டடத்துக்குக் கூரை வேண்டும், வகுப்புக்கு ஆசிரியர் வேண்டும்; ஆகவே தலைக்கு ஆகும் செலவு ஏறிக்கொண்டே போகும். அதிகாரிகள் தரும் அறிக்கையில் பள்ளியை மூடினால் மிச்சமாகும் தொகை ஒரு வரியில் இருக்கும். அந்த வரியில் இல்லாதவை பல. இரண்டு மைலுக்கு அப்பால் வசிக்கும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு இலவசப் பயண வசதி தர வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எனவே மிச்சத்தில் ஒரு பகுதி பேருந்துக்கும் டாக்சிக்கும் போய்விடும். மாலை விளையாட்டுக்கோ இசை வகுப்புக்கோ நின்றுவிட்ட பிள்ளையை அழைத்துவரப் பெற்றோர் வண்டி எடுக்கும் செலவும், பால் கறக்கும் நேரத்தில் பண்ணையை விட்டுப் போகும் இழப்பும் எந்தக் கணக்கிலும் ஏறாது. மூடிய பள்ளியோடு செலவும் ஒழிந்துபோவதில்லை. கவுன்சிலின் பேரேட்டிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாறுகிறது, அவ்வளவுதான். மொழியும் இதில் அடங்கும். வேல்ஸ் முழுவதிலும் 17.8 விழுக்காட்டினரே வெல்ஷ் பேசுகிறார்கள். ஆனால் விவசாயத்தில் இருப்பவர்களிடையே இந்த விகிதம் அதைவிட இரு மடங்குக்கும் மேல். வெல்ஷ் வழிக் கிராமப் பள்ளி மூடப்படும்போது, பிள்ளைகள் அந்த மொழியில் விளையாடிச் சண்டைபோட்டு வளரும் ஓர் இடமும் போய்விடுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் அற்பமானதல்ல. ஒரே வகுப்பறையில் நான்கு வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை வைத்துக் கற்பிக்கும் ஆசிரியருக்கு எத்தனை சுமை? ஒத்த வயதுத் தோழர்களே இல்லாத பிள்ளைக்குக் கிராமப் பெருமை என்ன தரும்? ஒரு சிறு பள்ளிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இன்னொரு பள்ளியின் பிள்ளைகளிடமிருந்துதானே எடுக்கப்படுகிறது? இவை நேர்மையான கேள்விகள். எந்தப் பள்ளியையும் மூடக் கூடாது என்று வாதிடுபவர் இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது. நானும் அப்படி வாதிடவில்லை. 2018-ல் திருத்தப்பட்ட வேல்ஸின் பள்ளி அமைப்பு விதித்தொகுப்பு நியாயமான வழியைக் காட்டுகிறது. பட்டியலிடப்பட்ட கிராமப் பள்ளிகளை மூடக் கூடாது என்பதே அதன் தொடக்க நிலை. மூட விரும்பும் கவுன்சில் மாற்று வழிகள் அனைத்தையும் ஆராய்ந்திருக்க வேண்டும். சமூகத்துக்கும் பிள்ளைகளின் பயணத்துக்கும் வெல்ஷ் மொழிக்கும் நேரும் விளைவை எழுத்தில் வைக்க வேண்டும். மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். பிறகு அறிவிப்பு வெளியிட்டு, 28 நாள் ஆட்சேபங்களைக் கேட்ட பின்பே முடிவெடுக்க வேண்டும். மறைந்திருக்கும் செலவை மேசைக்குக் கொண்டுவருவதற்கான வழி இது. எல்லாவற்றையும் பார்த்த பிறகும் மூடுவதே பிள்ளைகளுக்கு நல்லது என்று தெரிந்தால், அந்த முடிவை எதிர்ப்பவர்கள்கூட அதை அநீதி என்று சொல்ல முடியாது.

கோழிப் பண்ணை விவகாரம் இதே கேள்வியின் மறுபக்கம். செம்மறி ஆட்டை மட்டும் நம்பி வாழ முடியாத குடும்பம், பல்லாயிரம் கோழிகளுக்கான கொட்டகை கட்ட விண்ணப்பிக்கிறது. மகனோ மகளோ ஊரை விட்டுப் போகாமல் பண்ணையில் தங்க அந்த வருமானம் உதவும். 40,000 பறவைகளுக்கு மேல் இருந்தால்தான் சுற்றுச்சூழல் உரிமம் தேவை. அதற்குக் கீழே உள்ள பண்ணைக்குக் கவுன்சிலின் கட்டட அனுமதியே ஏறக்குறைய ஒரே வாசல். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு விண்ணப்பமும் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் போவிஸில் பிறந்து இங்கிலாந்துக்குள் ஓடும் வை ஆற்றின் வடிநிலத்தில் இன்று ஏறத்தாழ 2 கோடிக் கோழிகள் வளர்வதாக மதிப்பிடுகிறார்கள். எருவில் இருக்கும் பாஸ்பரஸ் மண்ணில் தேங்கி, மழையில் கரைந்து ஆற்றில் சேர்கிறது, பாசி பெருகுகிறது. சாக்கடை நீரும் இதில் பங்கு வகிக்கிறது. வேல்ஸில் சிறப்புப் பாதுகாப்பு பெற்ற ஆறுகளின் பகுதிகளில் 60 விழுக்காட்டுக்கும் மேல் பாஸ்பரஸ் அளவுகோலைத் தாண்டிவிட்டன என்று இயற்கை வள அமைப்பு 2021-ல் அறிவித்தது. அதன் பின், அந்த ஆறுகளின் வடிநிலங்களில் புதிய வீடுகள் கட்டுவதே தடைபட்டது. இங்கே செலவு இறங்கும் இடம் ஆற்றின் கீழ்க்கரை. அங்கே வாழ்பவர்களில் பலருக்குப் போவிஸில் வாக்கில்லை. பள்ளி விஷயத்தில் தம் வட்டார மக்களுக்காகப் பேசும் அதே உறுப்பினர், இங்கே தமக்கு வாக்களிக்காதவர்களுக்காகவும் யோசித்தாக வேண்டும். செலவைச் சுமப்பவரைக் கேட்காமல் சுமத்தக் கூடாது என்ற விதி, நம் ஆட்களுக்கு மட்டும் பொருந்தும் விதியாக இருக்க முடியாது.

விவசாயிகளே நிறைந்த ஊரில் விவசாயியின் விண்ணப்பத்தை விவசாயிகளே தீர்ப்பது முறையா என்று கேட்கலாம். பக்கத்துப் பண்ணைக்காரர், மைத்துனர், ஒரே சந்தையில் ஆடு விற்பவர் என்று எல்லோரும் எல்லோருக்கும் வேண்டியவர்களாக இருக்கும் இடத்தில் பாரபட்சம் எளிதில் நுழையும். இந்த ஆபத்து உண்மையானது. அதனால்தான் கூட்டம் தொடங்கியவுடன் உறுப்பினர்கள் தம் தொடர்புகளை அறிவிக்க வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது. தொடர்பு பாரபட்சத்துக்கு இடம் தரும் அளவுக்கு நெருங்கியதாக இருந்தால், அந்த விவாதத்தின்போது அவர் அறையை விட்டே வெளியேற வேண்டும். மீறினால் பொதுச் சேவை குறைகேள் அதிகாரியிடம் புகார் போகும். பார்வையாளருக்கு வெறும் சடங்காகத் தோன்றும் இந்தச் சில நிமிடங்கள் ஒரு முக்கிய வேலையைச் செய்கின்றன. சாணக் குழி நிரம்புவது என்றால் என்ன, பால் டேங்கர் ஏற முடியாத சாலை என்றால் என்ன என்று அறிந்தவர்களை அவையில் வைத்துக்கொண்டே, அவர்களுடைய சொந்த லாபத்தை அவைக்கு வெளியே நிறுத்த அதுதான் வழி. அறிவும் வேண்டும், நேர்மையும் வேண்டும் என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு எளிதில் கிடைக்காது.

கவுன்சிலுக்குச் சொந்தமான பண்ணைகளும் இந்தக் கணக்கில் வருகின்றன. சிறு விவசாயிகளுக்குக் குத்தகை விட நிலம் வாங்கும் அதிகாரத்தை 1908-ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்டி கவுன்சில்களுக்கு அளித்தது. அப்படி உருவான பண்ணைகள் போவிஸிடம் இன்னும் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. பரம்பரை நிலம் இல்லாத இளைஞர் தொழிலுக்குள் நுழைய இருக்கும் மிகச் சில வழிகளில் இது ஒன்று. பட்ஜெட் நெருக்கும் ஆண்டுகளில் இவற்றை விற்கும் யோசனை எழுவது இயல்பு. ஆனால் விற்ற பணம் ஒருமுறைதான் வரும். மூடிய வாசலின் இழப்பு ஒவ்வொரு தலைமுறைக்கும் தொடரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மானியத்தைக் கார்டிஃப் தீர்மானிக்கும்போது இந்தக் கூட்டங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. சிறு கவுன்சில்களை இணைத்துவிட்டால் நிர்வாகச் செலவாவது குறையுமே என்பது அதன் தொடர்ச்சி. சர் பால் வில்லியம்ஸ் தலைமையிலான ஆணையம் 2014-ல் இதைத்தான் சொன்னது: 22 கவுன்சில்களைப் பத்து முதல் பன்னிரண்டாகக் குறைக்க வேண்டும். அது நடக்கவில்லை. நகர்ப்புறங்களில் அந்த வாதத்துக்கு வலு இருக்கலாம். ஆனால் போவிஸ் ஏற்கெனவே மூன்று பழைய கவுன்டிகளை இணைத்து 1974-ல் உருவானது. தென்கோடியிலிருந்து லான்ட்ரின்டாட் வெல்ஸுக்கு வரவே மலைச்சாலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகிறது. பெரிதாக்கினால் மிச்சமாகும் என்ற வாதம், பள்ளி மூடலில் பார்த்த அதே பிழையைச் செய்கிறது: அலுவலகத்தின் செலவைக் குறைத்து, மக்களின் பயணத்தைக் கூட்டுகிறது. மொத்தத் தொகையைக் கார்டிஃப் தீர்மானித்தாலும், அந்தத் தொகைக்குள் எந்தச் சாலை முதலில், எந்தப் பள்ளி எப்போது என்பதைக் கவுன்சில்தான் தீர்மானிக்கிறது. அதிகாரம் குறைவாக இருக்கும்போதுதான் அதைப் பயன்படுத்தும் விதத்தில் கூடுதல் கவனம் தேவை.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 2022 மே தேர்தலில் வேல்ஸ் முழுவதும் 74 இடங்களுக்குப் போட்டியே இல்லை. குவினெத் கவுன்டியில் மட்டும் 69 இடங்களில் 28 இடங்கள் அப்படி நிரம்பின. எதிர்த்து நிற்க ஆளில்லாத உறுப்பினர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அவர் தம் வாக்குகளுக்குக் காரணம் சொல்ல வேண்டிய நாள் வரவே இல்லை. கேள்வி கேட்கப்படாத அவையில், செலவு யார் தலையில் விழுகிறதோ அவர் குரல் ஒலிக்காது. நம்பிக்கை தரும் மாற்றங்களும் நடந்திருக்கின்றன. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முழு மன்றக் கூட்டங்கள் நேரலையாக ஒளிபரப்பப்பட வேண்டும். உறுப்பினர்கள் வீட்டிலிருந்தும் கலந்துகொள்ளலாம். ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் பருவத்தில் பண்ணையை விட்டு நகர முடியாதவரும் இனி உறுப்பினராக முடியும். 16 வயதினருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. குவினெத்தில் கூட்டங்கள் வெல்ஷ் மொழியில் நடக்கின்றன. அது தெரியாதவர் உடனடி மொழிபெயர்ப்பைக் காதில் கேட்கிறார். மாட்டுத் தொழுவத்தில் பேசும் மொழியிலேயே வரவு செலவையும் விவாதிக்கலாம் என்பது அங்கே நடைமுறை. வாசல்கள் முன்னைவிட அகலமாகவே திறந்திருக்கின்றன. அவற்றின் வழியே உள்ளே வந்து, போட்டியிட்டு, கேள்வி கேட்டு, ஒவ்வொரு தீர்மானத்திலும் இந்தச் செலவு யார் வீட்டுக்குப் போகிறது என்று வற்புறுத்திச் சொல்லவைக்க ஆட்கள் வேண்டும். சிதறி வாழும் மக்களைச் சேர்த்து வைத்திருக்க அதைவிட மலிவான வழி எதுவும் கிடையாது.