பாரமான சாமான் எல்லாம் தரமான சாமானா?

நமது கடைகளுக்கு வரும் வாடிக்கையாளரைக் கவனித்துப் பாருங்கள். ஒரு பூட்டையோ, தண்ணீர் டெப்பையோ, மின்சார அயனையோ எடுத்துக் கொடுத்தால் விலையைக் கேட்பதற்கு முன்பே அதை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். பாரமாக இருந்தால் "நல்ல சாமான்" என்பார். இலேசாக இருந்தால் முகம் மாறிவிடும். "இது எத்தனை நாளைக்கு வரும்?" என்ற கேள்வி அடுத்ததாக வரும். கொள்வனவுக்குப் போகும்போது நாமும் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறோம். கையே தராசு, பாரமே தரம்.

இந்தக் கணக்கு எங்கே சரி, எங்கே பிழை என்பதை விளங்கிக்கொள்ள, நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத ஒரு பொருளை இவ்வாரம் எடுத்துக்கொள்கிறேன். எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள் காலடியில் வைத்து மிதிக்கும் 'எபெக்ட் பெடல்' என்ற சிறிய பெட்டிதான் அது. இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பைச் சொல்வது உலமாக்களின் வேலை. அதற்குள் நான் போகவில்லை. மின்சாரச் சாமான் வியாபாரி என்ற முறையில் அந்தப் பெட்டியின் நிறையையும் கட்டமைப்பையும் பற்றி மட்டுமே பேசுகிறேன். நாம் விற்கும் மின்சாரச் சாமான்கள் மேசையிலும் சுவரிலும் பத்திரமாக இருப்பவை. இதுவோ சப்பாத்துக் காலால் ஒரு நாளைக்குப் பல தடவை மிதிபடுவது. கட்டமைப்புக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது.

மிதிபடும் பெட்டி

கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின் சமிக்ஞை இந்தப் பெட்டிக்குள் நுழைந்து, மாற்றப்பட்டு, ஒலிபெருக்கிக்குப் போகிறது. 1962இல் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 'மேஸ்ட்ரோ' என்ற பெயரில் இதைச் சந்தைக்கு விட்டது. 1966இல் லண்டனில் 'பஸ் பேஸ்' என்ற பெடல் வந்தது. மைக்ரோபோன் தாங்கியின் அடித்தட்டைப் பார்த்து எடுத்த வட்ட வடிவம் அதற்கு. கையில் எடுத்தால் உலோகத் தட்டு ஒன்றைத் தூக்குவது போல இருக்கும். ஆனால் திறந்து பார்த்தால் உள்ளே இருக்கும் மின் பாகங்கள் மொத்தம் 11தான். டிரான்சிஸ்டர் 2, ரெசிஸ்டர் 4, கெப்பாசிட்டர் 3, குமிழ் 2. இவற்றுடன் மிதிக்கும் சுவிட்சும் வயர் செருகும் சொக்கட்டுகளும். பாரம் முழுவதும் வெளி உறையில்தான். சத்தத்தை உண்டாக்கும் பாகங்களைத் தனியாக நிறுத்தால் மிகச் சொற்பமே வரும்.

ஆகவே முதல் பாடம் இது: பாரம் சொல்வது உறையைப் பற்றி மட்டுமே. உள்ளே உள்ள சரக்கைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

பாரம் செய்யும் வேலை

அப்படியானால் பாரம் வீணா? இல்லை. அதற்கும் வேலை இருக்கிறது. முதலாவது, காலால் மிதிக்கும்போது பெட்டி நிலத்தில் வழுக்கிப் போகக் கூடாது. இரண்டாவது, செருகிய வயர்கள் இழுத்தாலும் இடம் மாறக் கூடாது. மூன்றாவது, உலோக உறையை 'ஏர்த்' செய்தால் பக்கத்தில் ஓடும் மின்சார வயர்களின் இரைச்சல் உள்ளே புகாமல் அது தடுக்கும். பிளாஸ்டிக் உறைக்கு இந்தப் பலன் தானாகக் கிடைக்காது. உட்பக்கத்தில் உலோகத் தாளோ மின் கடத்தும் பூச்சோ வைக்க வேண்டும்.

ஜப்பானின் 'பொஸ்' நிறுவனம் 1977இல் வெளியிட்ட சிறிய பெடல்களின் கட்டமைப்பு பார்க்க வேண்டிய ஒன்று. 73 மில்லிமீற்றர் அகலம், 129 மில்லிமீற்றர் நீளம், பெட்டரியோடு ஏறத்தாழ 400 கிராம். அன்று வகுத்த அடிப்படை வடிவத்தை இன்றும் அவர்கள் மாற்றவில்லை. காரணம் பாரம் மட்டுமல்ல. மிதிக்கும் இடம் ஓர் அகலமான உலோகத் தட்டு. அதன் கீழே உள்ள சிறிய சுவிட்சுக்கு மெதுவான ஓர் அழுத்தம் மட்டுமே போகிறது. மனிதனின் உடல் பாரத்தை வார்ப்பு உறை தாங்கிக்கொள்கிறது. குமிழ்கள் முன்பக்கத்தில் ஒதுங்கி இருப்பதால் காலில் அகப்படுவதில்லை. மேலே உள்ள ஒரு திருகைக் கையால் கழற்றினால் பெட்டரியை மாற்றலாம். ஆணி கழற்றும் கருவி தேவையில்லை. 400 கிராமில் ஒவ்வொரு கிராமுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

கை ஏமாறும் இடம்

உலோகங்களின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கன சென்ரிமீற்றர் அலுமினியம் 2.7 கிராம். அதே அளவு துத்தநாகம் 7 கிராமுக்குச் சற்று மேல். இரும்பு ஏறத்தாழ 7.9 கிராம். பெட்டிகளுக்குப் பாவிக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் 1 கிராமை ஒட்டியது. அச்சில் வார்த்த தடித்த அலுமினியப் பெட்டி மிக உறுதியானது. ஆனால் அதே தடிப்பில் செய்த இரும்புப் பெட்டியின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். கையால் மட்டும் தீர்ப்புச் சொல்பவர் அலுமினியத்தை மட்டமாகவும் இரும்பை உயர்வாகவும் எடுத்துக்கொள்வார்.

இந்த மனநிலையைத் தெரிந்துகொண்ட சில உற்பத்தியாளர்கள் மலிவு இலத்திரனியல் சாமான்களின் அடியில் எந்த வேலையும் செய்யாத ஓர் இரும்புத் துண்டை வைத்துப் பாரம் கூட்டி அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட சாமான்களை நானே திறந்து பார்த்திருக்கிறேன். அந்த இரும்பைக் கழற்றி எறிந்தாலும் சாமான் முன்பு போலவே வேலை செய்யும். வாடிக்கையாளர் காசு கொடுப்பதோ அந்த இரும்பைத் தூக்கிப் பார்த்துத்தான்.

ஒரு பெடல் உண்மையில் எங்கே பழுதாகிறது என்று இசைக்கருவி திருத்தும் ஒருவரிடம் விசாரித்தேன். உறை உடைந்து வருவது குறைவு என்றார். வயர் செருகும் சொக்கட்டும் குமிழும்தான் அதிகம் வருகின்றனவாம். நல்ல கட்டமைப்பில் சொக்கட் நட் போட்டு உறையோடு இறுக்கப்பட்டிருக்கும். வயரை இழுத்தால் இழுவையை உறை தாங்கும். மோசமான கட்டமைப்பில் சொக்கட் சர்க்கிட் போர்டில் ஈயத்தால் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். சில மாத இழுவையில் அந்த ஈயம் வெடித்துவிடும். பாரமான உறைக்குள்ளும் இந்தக் குறை இருக்கலாம். வெளியே இருந்து தூக்கிப் பார்ப்பவருக்கு அது தெரியாது.

இலங்கையில் செய்த பெடல்

இந்த விடயத்தில் நமது நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 'ஏரியன்' என்பது 1980களில் சந்தைக்கு வந்த ஜப்பானியப் பெடல். பின்னர் அது 'மேட் இன் ஸ்ரீலங்கா' என்ற குறிப்போடும் உலகச் சந்தைக்குப் போனது. அதில் எஸ்சிஎச்-1 என்ற ஸ்டீரியோ கோரஸ் பெடல் பெயர் பெற்றது. இலேசான பிளாஸ்டிக் உறை. மலிவான விலை. பார்த்தவர்கள் விளையாட்டுச் சாமான் என்றார்கள். ஆனால் அதன் ஒலி அவ்வளவு நன்றாக இருந்ததால் அமெரிக்காவின் பெயர் பெற்ற ஸ்டூடியோ கிட்டார் கலைஞர் மைக்கல் லாண்டோ போன்றவர்கள் அதைப் பாவித்தார்கள்.

இதன் பிறகு நடந்ததுதான் வியாபாரிகள் கவனிக்க வேண்டியது. ஒலி பிடித்திருக்கிறது, உறையில் நம்பிக்கை இல்லை. எனவே அந்தச் சர்க்கிட்டைக் கழற்றி உலோகப் பெட்டிக்கு மாற்றிக் கொடுப்பதை வெளிநாட்டில் சிலர் ஒரு வேலையாகவே செய்தார்கள். அதற்குத் தனிக் கூலி. இப்படியான வேலைக்கு வெற்றுப் பெட்டி விற்கும் நிறுவனங்களும் உண்டு. கனடாவின் குவெல்ப் நகரில் 1917இல் தொடங்கிய ஹமண்ட் நிறுவனம் அவற்றில் முதன்மையானது. அதன் 1590 வரிசை அலுமினியப் பெட்டிகள் உலகெங்கும் சிறு பெடல் தயாரிப்பாளர்களின் கைகளில் இருக்கின்றன.

யோசித்துப் பாருங்கள். கடினமான வேலை நமது மண்ணில் முடிந்தது. பெட்டியை மாற்றும் சுலபமான வேலைக்கான இலாபம் வேறொருவருக்குப் போனது. உள்ளே நல்ல சரக்கை வைத்துக்கொண்டு உறையில் மிச்சம் பிடித்தால் இதுதான் முடிவு. நமது மாணிக்கக் கல் வியாபாரிகளுக்கும் கறுவா, தேயிலை அனுப்புபவர்களுக்கும் இது தெரியாத கதை அல்ல.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2005இல் பொஸ்ஸின் தாய் நிறுவனமான ரோலண்ட், பெஹ்ரிங்கர் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தது. பெஹ்ரிங்கரின் மலிவான பிளாஸ்டிக் பெடல்கள் தமது பெடல்களின் தோற்றத்தைப் பிரதி செய்கின்றன என்பதே முறைப்பாடு. பெஹ்ரிங்கர் தனது வடிவத்தை மாற்றியது. 2006இல் இரு தரப்பும் இணக்கத்துக்கு வந்தன. பிளாஸ்டிக்கில் செய்தது பிரச்சினையல்ல. உலோகப் பெடலின் தோற்றத்தைப் பிளாஸ்டிக்குக்குப் போட்டதே பிரச்சினையானது.

இலேசும் விலை போகும்

காலம் மாறும்போது பாரத்தின் மதிப்பும் மாறுகிறது. இன்றைய கலைஞர்கள் பத்துப் பதினைந்து பெடல்களை ஒரு பலகையில் ஒட்டி விமானத்தில் கொண்டு போகிறார்கள். பலகையில் ஒட்டிய பின் தனிப் பெடல் வழுக்காது. அந்தப் பாரம் தேவையற்றதாகிவிடுகிறது. சீனாவின் 'மூவர்' நிறுவனத்தின் சின்னப் பெடல் ஏறத்தாழ 160 கிராம்தான். உறை உலோகமே. ஆனால் உள்ளே பெட்டரி வைக்க இடமில்லை. வெளியே இருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும்.

இறக்குமதியாளருக்கு இது நல்ல கணக்கு. 400 கிராம் வீதம் 1000 பெடல்கள் 400 கிலோ. 160 கிராம் வீதம் 160 கிலோ. விமானச் சரக்கில் 240 கிலோவுக்கான கூலி மிச்சம். ஆனால் பெட்டரி போட முடியாது என்பதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விற்றால் அடுத்த நாள் வாடிக்கையாளர் திரும்பி வருவார், அல்லது வராமலேயே போய்விடுவார். இரண்டாவதுதான் பெரிய நட்டம்.

நாம் செய்ய வேண்டியது

எந்தச் சாமானையும் மொத்தமாக எடுக்கும் முன் ஒன்றை வாங்கித் திறந்து பாருங்கள். உறையின் தடிப்பு, சொக்கட் எதனோடு இறுக்கப்பட்டிருக்கிறது, அழுத்தம் எந்தப் பாகத்தில் விழுகிறது, ஒரு பாகம் பழுதானால் கழற்றி மாற்றலாமா என்ற நான்கையும் பார்த்தால் போதும். மல்டி பிளக்குக்கும் காற்றாடிக்கும் கூட இதே சோதனைதான். பிறகு பாரமானதைப் பாரத்தின் காரணத்தோடும், இலேசானதை இலேசின் காரணத்தோடும் வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. நனைந்த பகுதியை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்று அந்த வியாபாரிக்கு உணர்த்தினார்கள். மேலே காய்ந்தது, உள்ளே ஈரம். இன்று அதே குவியல் பிளாஸ்டிக் பெட்டியாகவும் இரும்புத் துண்டாகவும் நமது ராக்கைகளில் இருக்கிறது. வாடிக்கையாளரின் கை மேற்பரப்போடு நின்றுவிடும். உள்ளே கையை விட்டுப் பார்க்கும் பொறுப்பு நம்முடையது.

அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரை எச்சரிக்க ஒரு சூராவே இறங்கியிருக்கிறது. தராசுத் தட்டில் குறைப்பது மட்டும்தான் அதில் அடங்கும் என்று எண்ணி நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. தேவையில்லாத பாரத்தைக் காட்டித் தரத்தின் விலையை வாங்குவதும் ஒருவகை நிறுவை மோசடியே என்பது எனது கருத்து. அல்லாஹ் நமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.