தரம் ஒன்று, விலை வேறு: கொழும்பு ஏலமும் ராகலைக் கடைக் கொப்பியும்

ராகலை பஸாரில் கடை வைத்திருக்கும் எவரும் வாரத்தில் ஒரு முறையாவது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நானா, கொழும்பில தூள் விலை ஏறிருச்சாமே, உண்மையா?" கேட்பவர் பெரும்பாலும் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர். விலை ஏறியது என்றால் அடுத்த மாதக் கொழுந்துக் காசை நம்பி இந்த மாதமே அரிசி, மா, உரம் எல்லாம் கடனுக்கு எடுப்பார். வியாபாரியும் அதே செய்தியை நம்பிக் கொடுத்து விடுவார். இவ்வாறு கொழும்பு ஏலத்தின் விலை எமது கடன் கொப்பியின் கடைசிப் பக்கம் வரை வந்து சேர்கிறது. அந்த விலை எப்படித் தீர்மானமாகிறது, அதை ஏன் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை என்பதைக் கொழுந்து விற்பவரும் கடன் கொடுப்பவரும் அறிந்திருப்பது அவசியம்.

ஏலம் வந்த வழி

1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கோப்பிப் பயிரை நோய் அழித்த பின்னர் மலைநாடு முழுவதும் தேயிலை பரவியது. 1883 ஜூலை 30ஆம் திகதி கொழும்பில் சோமர்வில் கம்பனியின் அலுவலகத்தில் முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் நடந்தது. 1894இல் கொழும்புத் தேயிலை வியாபாரிகள் சங்கம் உருவானது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சுத்தியல் தட்டி நடந்த இந்த ஏலம், கொரோனா முடக்கத்தின்போது 2020 ஏப்ரலில் கணினித் திரைக்கு மாறியது.

நடைமுறை இதுதான். தொழிற்சாலை தனது தூளைத் தரகர் கம்பனி ஒன்றிடம் ஒப்படைக்கிறது. தரகர் அதனை லொட் லொட்டாகப் பிரித்துப் பட்டியலில் சேர்க்கிறார். ஏலத்துக்கு முன்பே ஏற்றுமதியாளர்களுக்கு மாதிரிகள் போய்ச் சேரும். தரகரும் சுவைத்துப் பார்த்து, இன்ன லொட் இன்ன விலை போகலாம் என்று ஒரு மதிப்பீடு போடுவார். நாற்பது வருடம் நாக்கில் தேயிலையை வைத்துப் பார்த்தவரின் மதிப்பீடுகூட ஏல நாளில் பொய்த்துப் போவதுண்டு.

கிரேட் என்பது சல்லடை

எம்மவர்களில் பலர் கிரேட் என்றால் தரம் என்று நினைக்கிறார்கள். பீ.ஓ.பீ., பீ.ஓ.பீ.எப்., பெக்கோ, ஓ.பீ., டஸ்ட் என்பனவெல்லாம் தூளின் பருமனையும் தோற்றத்தையும் குறிக்கும் பெயர்கள். சலிக்கும்போது எந்தக் கண்ணில் எது தங்கியதோ அதற்கு அந்தப் பெயர். ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் ஒரே கொழுந்தில் அரைத்த தூளே ஐந்தாறு கிரேட்டாகப் பிரியும். ஆகவே இரண்டு தோட்டங்களின் பீ.ஓ.பீ. ஒரே விலைக்குப் போக வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை. சாயம், வாசனை, சுவை ஆகியவற்றைச் சல்லடை சொல்லாது. சுவைப்பவரின் நாக்குத்தான் சொல்லும்.

இலங்கைத் தேயிலைப் பிரதேசங்கள் ஏழில் ராகலை அடங்குவது உடப்புசல்லாவ பிரதேசத்தில். நுவரெலியாவும் திம்புலயும் வேறு, நாம் வேறு. எமக்கு ஜூலை தொடக்கம் செப்டம்பர் வரை காய்ந்த காற்று வீசும் காலமே முக்கியமான பருவம். வருடத் தொடக்கத்துக் குளிரிலும் நல்ல வாசனையுள்ள தூள் வரும். அந்த வாரங்களில் விலை உயரும். மழை பிடித்தால் அதே மலை, அதே செடி, அதே கிரேட். ஆனால் விலை இறங்கும்.

உயரத்தில் விளைந்ததால் எமது தூளுக்கே எப்போதும் கூடிய விலை என்ற எண்ணமும் சரியல்ல. நாட்டின் உற்பத்தியில் அரைவாசிக்கு மேல் காலி, மாத்தறை, இரத்தினபுரி பக்கத்துத் தாழ்நிலத் தேயிலைதான். மத்திய கிழக்கு நாட்டவர்கள் விரும்பும் கறுத்த, முறுக்கிய இலை அங்கிருந்தே அதிகம் போகிறது. அதனால் பல வருடங்களில் தாழ்நிலத் தேயிலையின் சராசரி விலை மலைநாட்டுச் சராசரியைத் தாண்டியிருக்கிறது.

இரண்டாவது ஆள்

ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பவர் வாங்கியவர் என்று நினைக்கிறோம். உண்மையில் அவருடன் கடைசி வரை போட்டி போட்டு விலகியவரே விலையை ஏற்றி விடுகிறார். உதாரணமாக, ஒரு லொட்டுக்கு ஒருவர் 1,500 ரூபா வரை கொடுக்கத் தயாராக இருக்கிறார், இன்னொருவர் 1,400 வரை வருவார், மூன்றாமவர் 1,150. தூள் 1,400க்குச் சற்று மேலே போகும். அடுத்த வாரம் இரண்டாமவரின் களஞ்சியம் நிறைந்து விட்டால் அவர் வாய் திறக்க மாட்டார். அப்போது அதே தூள் 1,150ஐச் சற்றுத் தாண்டியதும் முடிந்து விடும். முதலாமவரின் விருப்பம் குறையவில்லை, தூளிலும் குறையில்லை. ஆனால் கிலோவுக்கு 250 ரூபா போய்விட்டது.

இது தேயிலைக்கு மட்டும் உரிய விடயமல்ல. அமெரிக்காவில் விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றைப் பரிசோதித்து ஒன்று முதல் பத்து வரை புள்ளி போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துக் கொடுப்பதற்கென்றே கம்பனிகள் உண்டு. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் 1986ஆம் ஆண்டு அட்டை, பத்துப் புள்ளி பெற்றது, 2021 ஜனவரி ஏலத்தில் 738,000 டொலருக்குப் போனது. அதே புள்ளி பெற்ற அதே அட்டை அடுத்த வருடம் இரண்டு இலட்சம் டொலரளவுக்கு இறங்கியது. மறுபுறம், பேஸ்போல் வீரர் பேப் ரூத் பெரிய அணிகளுக்குப் போகுமுன் பால்டிமோர் நகரின் சிறிய அணியில் ஆடிய 1914ஆம் ஆண்டின் அட்டை ஒன்று, வெறும் மூன்று புள்ளிதான் பெற்றது, 2023 டிசம்பரில் 72 இலட்சம் டொலருக்கு விற்பனையானது. புள்ளி பொருளின் நிலையைச் சொல்கிறது. விலையை அன்றைக்குப் போட்டியிட்டவர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அட்டைக்காரர் விலை பிடிக்காவிட்டால் பெட்டியில் வைத்துப் பத்து வருடம் காத்திருக்கலாம். தேயிலை அப்படியல்ல. விலை போகாத லொட்டைத் திரும்ப எடுத்து இன்னொரு ஏலத்தில் போடலாம்தான். ஆனால் நாள் போகப் போகத் தூளின் புதுமை குறையும், வங்கி வட்டி ஏறும், கொழுந்துக்காரர் காசுக்கு வாசலில் நிற்பார்.

பத்திரிகையில் வரும் உச்ச விலை

1891இல் இலங்கைத் தேயிலை இலண்டன் ஏலத்தில் இறாத்தல் 25 பவுண் 10 ஷிலிங் என்ற சாதனை விலைக்குப் போனது. 1998 ஜூன் 29ஆம் திகதி இலண்டன் ஏலம் நிரந்தரமாக மூடப்பட்டபோது, புசல்லாவைப் பக்கத்து ஹெல்பொட தோட்டத்தின் பெட்டி ஒன்று தர்ம காரியத்துக்காக விற்கப்பட்டு, கிலோ 555 பவுண் கிடைத்தது. அஸ்ஸாமின் மனோகரி தோட்டத்துத் தூள் 2021 டிசம்பரில் குவாஹாட்டி ஏலத்தில் கிலோ 99,999 இந்திய ரூபாவுக்குப் போனது. விற்றது ஒரேயொரு கிலோ. இவற்றை வாங்கியவர்கள் தூளோடு சேர்த்துப் பெயரையும் வாங்கினார்கள். இத்தகைய விலையைப் பார்த்து எவரும் கணக்குப் போடக் கூடாது.

எங்கோ நடப்பது

எமது தேயிலையை வாங்கும் நாடுகளில் பல, போருக்கும் தடைக்கும் நாணய வீழ்ச்சிக்கும் ஆளானவை. 1990இல் ஈராக் மீது பொருளாதாரத் தடை வந்தபோதும், 2014 இறுதியில் ரஷ்ய ரூபிள் சரிந்தபோதும் இங்கே பாதிப்பு உணரப்பட்டது. 2017 டிசம்பரில் ஒரு பொதியில் வண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதால் ரஷ்யா எமது தேயிலையைச் சில நாட்களுக்கு நிறுத்தி வைத்தது. ஒரு வண்டு ஒரு நாட்டின் ஏலத்தையே கலக்கியது.

ரூபாவின் கதை இதைவிட முக்கியமானது. 2021இல் கிலோ 600 ரூபாவை ஒட்டியிருந்த ஏலச் சராசரி 2022இல் 1,200ஐத் தாண்டியது. "இரண்டு மடங்கு" என்று பலர் மகிழ்ந்தார்கள். அதே வருடத்தில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. 2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையின் பின்விளைவால் உற்பத்தியும் சுமார் 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடியளவுக்கு வீழ்ந்தது. விலை ஏறியபோது விற்பதற்குக் கொழுந்து குறைவு. கிடைத்த காசில் வாங்கிய அரிசியும் உரமும் அதைவிட விலை கூடியவை.

நாம் செய்யக்கூடியவை

கொழுந்துக்காரருக்கான விலை ஒரு சூத்திரத்தின்படி வருகிறது. ஏலத்தில் கிடைப்பதில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. ஆகவே ஏலத்தின் ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கைச் சுமப்பவர் சிறு தோட்டக்காரரே. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளமோ ஏலத்தோடு ஏறி இறங்குவதில்லை. 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. இந்த இரு சாராருக்கும் ஒரே மாதிரிக் கடன் கொடுப்பது சரியான வியாபாரம் அல்ல.

விலைச் செய்தி வந்தால் மூன்று விடயங்களைக் கேளுங்கள். சொல்லப்படுவது உச்ச விலையா, சராசரியா? மலைநாட்டுக்குரியதா, முழு நாட்டுக்குரியதா? டொலரில் பார்த்தாலும் ஏற்றம்தானா? ஒரு வார விலையை விட்டு மூன்று மாதச் சராசரியைப் பாருங்கள். கடன் எல்லையைக் கடந்த வருடத்தின் மிகக் குறைந்த மாத வருமானத்தை வைத்துத் தீர்மானியுங்கள். லொறி லீசிங் எடுக்க நினைக்கும் கொழுந்துக்காரரும் மாதத் தவணையை அந்தக் குறைந்த மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

எமது கையில் உள்ளது கொழுந்தின் தரம் மட்டுமே. இரண்டு இலையும் மொட்டும் என்று கிள்ளி, சாக்கில் அமுக்காமல், வெயிலில் காய விடாமல் அன்றே தொழிற்சாலைக்குக் கொடுத்தால், சந்தை இறங்கும் வாரத்திலும் அந்தத் தூளுக்கு இரண்டாவது ஆள் ஒருவர் இருப்பார். ஜூலை முதல் செப்டம்பர் வரை கையில் வரும் கூடுதல் காசில் ஒரு பங்கையாவது ஒக்டோபர் மழை தொடங்குமுன் ஒதுக்கி வையுங்கள். பழைய கடனை அந்த மாதங்களிலேயே தீர்த்துக் கொள்வது வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் நல்லது.