குளியலறை பிளக் 'டிரிப்' ஆகிறதா? உஷார்! வயரை 'டைரக்ட்' கொடுத்தால் உயிருக்கு ஆபத்து

சென்னை:

காலை 6 மணி. ஆபீசுக்கு அவசரம். கீசர் சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம். வீடே இருட்டு. வீட்டுக்காரர் ஓடிப்போய் மெயின் பாக்சில் விழுந்த சுவிட்சைத் தூக்கி விடுகிறார். ஐந்தே நிமிடம். மறுபடியும் 'டப்'!

ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னை அடுக்குமாடி வீடுகளில் இது சகஜமான கூத்து. நாலு நாள் பொறுத்துப் பார்ப்பவர்கள் ஐந்தாம் நாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறார்கள். "அந்த சனியனைக் கழட்டிட்டு டைரக்டா கொடுத்துடுப்பா" என்கிறார்கள். அவரும் கொடுத்துவிட்டுப் போகிறார். வெந்நீர் தாராளமாக வருகிறது. கூடவே எமனுக்கும் கதவு திறந்தாகிவிட்டது!

விழுந்தது எது?

முதலில் எந்த சுவிட்ச் விழுந்தது என்று பார்க்க வேண்டும். எம்.சி.பி. என்பது ஒரு லைனில் அளவுக்கு மீறி கரண்ட் ஓடினாலோ, ஷார்ட் ஆனாலோ விழும். ஆர்.சி.சி.பி. என்பது வேறு. அதில் சின்னதாக ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். போன கரண்ட் அத்தனையும் திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்ப்பதே அதன் வேலை. வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர். 100 வாட் குண்டு பல்பு இழுப்பதில் பதினாலில் ஒரு பங்குதான். அவ்வளவு கசிந்தாலே கண் மூடித் திறப்பதற்குள் அணைத்துவிடும்.

எம்.சி.பி. மட்டும் விழுந்தால் பெரும்பாலும் லோடு தகராறு. 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் என்றால் 13. அதை 6 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் தாங்குமா? 16 ஆம்பியர் பிளக்கும் தனி லைனும் வேண்டும். பிளக் சுட்டாலோ கருகியிருந்தாலோ அன்றைக்கே மாற்ற வேண்டியதுதான்.

உப்புத் தண்ணீர் வேலை

ஆர்.சி.சி.பி. விழுந்தால் எங்கேயோ கரண்ட் கசிகிறது. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு, உலர்ந்த கையால் கீசர் பிளக்கைப் பிடுங்க வேண்டும். கீசர் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. அது ஒரு வயரைத்தான் துண்டிக்கும். நியூட்ரல் வழியாகக் கசிவு தொடரலாம்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகு சுவிட்ச் நின்றால் கோளாறு கீசரில். போர்வெல் உப்பு காயிலில் படிந்து, மேல் உறையில் வெடிப்பு விழுந்து, உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கும். சூடேறிய பிறகு 'டப்' என்பது பல சமயம் இதனால்தான். காயிலை மாற்றினால் தீர்ந்தது.

பிடுங்கிய பிறகும் விழுகிறதா? மற்ற பிளக்குகளையும் பிடுங்கிப் பார்க்க வேண்டும். பிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதும் ஒன்று சேர்ந்து விழவைக்கும். அப்போதும் நிற்காவிட்டால் கோளாறு வயரிங்கில்தான். மாடி வீட்டு பாத்ரூம் தண்ணீர் சுவரில் இறங்கி, பிளக் பெட்டிக்குள் ஈரம் கோத்திருக்கலாம். அதற்கு 'மெக்கர்' கருவி வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் வந்தாக வேண்டும். வீட்டுக்காரர் ஸ்குரூ டிரைவரோடு இறங்குகிற வேலை அல்ல.

எர்த் இல்லாத பிளக்

பழைய வீடுகள் சிலவற்றில் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும். மூன்றாவதில் வயரே இருக்காது. எர்த் இருந்தால் கீசரில் கசிவு வந்த உடனேயே ஆர்.சி.சி.பி. விழும். இல்லாவிட்டால் ஈரக் கையோடு யாராவது தொட்ட பிறகுதான் விழும். அந்த ஆர்.சி.சி.பி.யையும் கழற்றி எறிந்த வீட்டில் குளிக்கப் போகிறவரின் கதி? யோசித்தாலே நடுங்குகிறது.

வாடகை வீட்டுத் தகராறு

மீட்டர் வரைக்கும்தான் மின்வாரியம் பொறுப்பு. அதற்கு மேல் வீட்டுச் சொந்தக்காரரின் வயரிங். "உங்க கீசர்தான் கோளாறு" என்பார் சொந்தக்காரர். "உங்க சுவர்தான் சார் ஒழுகுது" என்பார் குடியிருப்பவர். பிளக்கைப் பிடுங்கி, சுவிட்சைத் தூக்கிப் பார்த்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். செலவு யாருடையது என்று தீரும் வரை அடுப்பில் வெந்நீர் போட்டுக்கொள்ளலாம். கீசர் பிளக்கைச் சொருக வேண்டாம்.