பத்தாவது ஆள்: கொச்சி யூதர் சபையும் நம் சபையாரின் பங்கேற்பும்

தென்பெண்ணையாற்றங்கரையிலுள்ள மணலூர்பேட்டையைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், மேற்கே கல்வராயன் மலையடிவாரம் வரையிலும், ஆயர் ஒருவரே பல சபைகளைக் கண்காணிக்க வேண்டிய நிலை நமக்குப் புதிதன்று. ஞாயிறன்று அவர் ஓரூருக்குச் சென்றால், மற்றோரூர் காத்திருக்கும். ‘ஐயர் வரவில்லை, ஆகவே ஆராதனை இல்லை’ என்னும் சொல்லை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். ஆராதனை யாருடைய செயல்? ஆயருடையதா, சபையாருடையதா? இக்கேள்விக்கு விடை காண, நமக்கு அண்டை நாடான கேரளத்தில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த யூதர் சபையின் வரலாறு நமக்குத் துணைசெய்யும்.

1. மூப்பரால் நடந்த சபை

மட்டாஞ்சேரியிலுள்ள பரதேசி ஜெபஆலயம் 1568இல் எழுப்பப்பட்டது. அதனோடு கொச்சி, எறணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளை முதலிய இடங்களிலும் யூத சபைகள் விளங்கின. இச்சபைகளில் ரபி பட்டம் பெற்ற குருக்கள் தலைமை வகிக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. மூப்பரே சபையை நடத்தினர். எபிரேயம் கற்ற சபையார் ஜெபங்களை முன்னின்று சொல்லினர். ஓய்வுநாள் காலையில் தோராவை வாசிக்கும்போது, சபையாரில் எழுவர் ஒருவர்பின் ஒருவராக அழைக்கப்படுவது யூதரின் பொதுமுறை. நாசரேத்தூர் ஜெபஆலயத்தில் நம் ஆண்டவர் எழுந்து ஏசாயாவின் சுருளை வாசித்ததும் (லூக்கா 4), பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் பவுலைப் பேசும்படி ஜெபஆலயத் தலைவர்கள் கேட்டுக்கொண்டதும் (அப்போஸ்தலர் 13) இத்தகைய பழக்கத்தின் பின்னணியிலேயே விளங்கும்.

2. பத்துப் பேர் என்னும் விதி

யூத மரபில் பொது ஆராதனைக்குப் பத்துப் பேர் கூடவேண்டும். இதனை ‘மின்யான்’ என்பர். எண்ணாகமம் 14இல் தீய செய்தி கொண்டுவந்த வேவுகாரர் பதின்மரும் ‘சபை’ என அழைக்கப்படுவதிலிருந்து யூத அறிஞர் இவ்வெண்ணை வருவித்தனர். பத்துப் பேர் இல்லையெனில் தனி ஜெபம் உண்டு. ஆனால் தோராவின் பொது வாசிப்பும், துக்கத்திலிருப்போர் சொல்லும் ‘கதீஷ்’ என்னும் துதிஜெபமும் இல்லை.

இவ்விதியின் ஆழத்தை நாம் கவனிக்க வேண்டும். தந்தையை இழந்த மகன் கதீஷ் சொல்ல விரும்பினால், வேறு ஒன்பது பேர் தங்கள் வேலையை விட்டு வரவேண்டும். அவர்களில் எவரும் தமக்காக வருவதில்லை; பிறனுடைய துக்கத்திற்காக வருகின்றனர். பத்தாவது ஆள் கல்வியறிவில்லாதவனாயினும், ஏழையாயினும், அவனில்லாமல் சபை சபையாவதில்லை. உறுப்புகளுள் பலவீனமானதும் இன்றியமையாதது எனப் பவுல் போதித்ததோடு (1 கொரிந்தியர் 12) இது இயைந்து நிற்கிறது.

ஆயினும் இவ்விதிக்குக் குறையும் உண்டு. மரபுவழி யூதர் ஆண்களை மட்டுமே பத்தில் எண்ணுவர். அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் யூதரிடையே 1973இல்தான் பெண்களையும் எண்ண வழி பிறந்தது. கொச்சியில் எண்ணப்படாத பெண்களோ திருமணங்களிலும் பண்டிகைகளிலும் மலையாளத்தில் திருமறைக் கதைகளைப் பாடினர். அப்பாடல்களைக் கையேடுகளில் எழுதித் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர்.

3. வாசலருகே அமர்த்தப்பட்டோர்

பங்கேற்பு என்பது வருகைப் பதிவன்று, உரிமைப் பகிர்வு. பரதேசி சபை இதில் தவறியது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் அதே ஜெபங்களைச் சொல்லியும், பிறரோடு இருக்கைகளில் அமரவோ, தோரா வாசிக்க அழைக்கப்படவோ தகுதியற்றவராக நெடுங்காலம் நடத்தப்பட்டனர். அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஆபிரகாம் பாராக் சேலம் (1882–1967) சத்தியாக்கிரக முறையில் இதனை எதிர்த்தார். படிப்படியாகவே தடைகள் நீங்கின.

தடைகள் நீங்கிய காலத்திலேயே சபை கலையவும் தொடங்கியது. இஸ்ரேல் நாடு 1948இல் உருவானபின், 1950களில் கேரள யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடியேறினர். பரதேசி ஜெபஆலயத்தின் நானூறாவது ஆண்டு விழா 1968இல் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொள்ளச் சிறப்பாக நடந்தது. ஆனால் பிற்காலத்தில் அங்குப் பத்துப் பேரைச் சேர்க்க வெளியூர் யூதப் பயணிகளை எதிர்நோக்க வேண்டியதாயிற்று. மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் ஜெபஆலயத்தின் உட்பகுதி இன்று எருசலேமில் அருங்காட்சியகத்தில் உள்ளது. மரவேலைப்பாடு நிலைத்திருக்கிறது; கூடிவந்தோர் இல்லை. இக்குறைவுக்குக் காரணம் குடிபெயர்ச்சியே. எனினும், ஆட்கள் நிறைந்திருந்த நாளில் ஒரு பகுதியினரை வாசலருகே நிறுத்திய சபை, பின்னாளில் பத்துப் பேருக்கு ஏங்கியது என்பதை நாம் மறப்பதற்கில்லை.

4. நமக்குரிய பாடம்

1833இல் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபையில் சாதி வேறுபாடு அறவே ஒழியவேண்டும் எனச் சுற்றுமடல் விடுத்தார். அதன்பின்னும் நம் ஆலயங்களில் யார் வேதபாடம் வாசிப்பது, யார் காணிக்கைத் தட்டை ஏந்துவது, யார் கமிட்டியில் அமர்வது என்பவற்றைச் சாதியும் செல்வமும் தீர்மானித்ததுண்டு. அந்நிலை முற்றும் நீங்கிற்று என்று நாம் சொல்லத் துணியோம்.

பங்கேற்பு நம் மண்ணுக்கு அந்நியமுமன்று. தை மாதத்தில் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவிற்குத் தெய்வங்களை எடுத்துவரும் ஊரார், சுமப்பதையும் விளக்குப் பிடிப்பதையும் மேளம் முழக்குவதையும் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றனர். வேடிக்கை பார்ப்போராலல்ல, பொறுப்பேற்றோராலேயே விழா நடைபெறுகிறது.

எனவே, ஆயர் வராத ஞாயிறுகளில் மூப்பரும் பெண்களும் இளைஞரும் ஆராதனை நடத்தப் பயிற்சி பெறட்டும். வேதபாடம் வாசிப்போர் பட்டியலில் எல்லாத் தெருவினரின் பெயரும் முறையாக வரட்டும். எழுத்தறியாத முதியோர் தம் சொற்களில் ஜெபிக்க அழைக்கப்படட்டும். துக்கவீட்டில் ஆயர் ஒருவர் மட்டும் ஜெபித்துத் திரும்பாமல், சபையார் பத்துப் பேராவது உடன் அமரட்டும்.

இறையியல் மாணவராகிய நாம் பிரசங்கபீடத்தில் நன்றாக நிற்கக் கற்கிறோம். பிறரை அங்கே நிறுத்திவிட்டு, சபையாரோடு கீழே அமர்ந்து கேட்கவும் கற்போமாக. நம் சபையில் இதுவரை எண்ணப்படாத பத்தாவது ஆள் யார் என்று ஒவ்வொருவரும் ஆராய்வோம். அவருக்கு இடமளிக்கும் நாளிலேதான் நம் ஆராதனை சபையாரின் ஆராதனையாகும்.