கோச்சடையானை பிரேம் பிரேமாகப் பார்ப்போம்

புதிதாக பிசி வாங்கியவர்கள் முதல் வாரத்தில் செய்யும் வேலை அநேகமாக ஒன்றுதான். படம் பார்ப்பார்கள். தாராளமாகப் பாருங்கள். ஆனால் தியேட்டரில் முடியாத ஒரு காரியத்தை உங்கள் பிசியில் செய்யலாம். ஓடும் படத்தை நிறுத்தி, ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்க்கலாம். யூடியூபில் ஏதாவது ஒரு வீடியோவைத் திறந்து, ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்துங்கள். இப்போது கீபோர்டில் முற்றுப்புள்ளி கீயைத் தட்டினால் ஒரு பிரேம் முன்னே போகும். கமா கீயைத் தட்டினால் ஒரு பிரேம் பின்னே வரும். உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் வீடியோ என்றால் விஎல்சி பிளேயரில் திறந்து ஆங்கில ‘இ’ கீயைத் தட்டுங்கள். ஒரு பிரேம் முன்னே போகும்.

இப்படிப் பார்க்க நான் சிபாரிசு செய்யும் படம், எல்லோரும் கேலி செய்த ஒரு படம். 2014 மே 23-ல் வெளியான ‘கோச்சடையான்’. அதன் ட்ரெய்லர் யூடியூபில் இருக்கிறது. இரண்டு நிமிட ட்ரெய்லர் போதும்.

அந்த மே மாதம் நான் பிளஸ் டூ முடித்துவிட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்காகக் காத்திருந்தேன். பழனியில்தான் படம் பார்த்தோம். ரஜினியின் உருவம் தூரத்தில் தெரிந்ததும் விசில் பறந்தது. முகம் குளோசப்பில் வந்ததும் விசில் குறைந்துவிட்டது. பின் சீட்டில் ஒரு குழந்தை, “அப்பா, இது ரஜினியா, கார்ட்டூனா?” என்று கேட்டது. அந்த அப்பா பதில் சொல்லவில்லை. உண்மையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபமும் இல்லை.

படத்தின் பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2011 ஏப்ரலில் ‘ராணா’ என்ற படம் தொடங்கி, ரஜினியின் உடல்நலக் குறைவால் நின்று போனது. அதன் பிறகு வந்ததுதான் ‘கோச்சடையான்’. டைரக்டர் சௌந்தர்யா ரஜினிகாந்துக்கு இது முதல் படம். கதை கே.எஸ்.ரவிகுமார், இசை ஏ.ஆர்.ரகுமான். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பாண்டிய மன்னர் கோச்சடையன் ரணதீரனின் பெயர் நினைவுக்கு வரலாம். பெயர்தான் அங்கிருந்து வந்தது, கதை முழுக்கக் கற்பனை. நடிகர்களின் அசைவுகளைக் கேமராவில் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் உருவாக்கிய உடல்களுக்கு மாட்டும் மோஷன் கேப்சர் முறையில் படம் எடுக்கப்பட்டது.

மோஷன் கேப்சர் என்றால்?

தைப்பூசத்துக்கு நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக பழனிக்குப் பாதயாத்திரை வருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். இரவில் வண்டி மோதாமல் இருக்க அவர்களுடைய பையிலும் கம்பிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தால் தூரத்தில் ஆள் தெரியாது, ஸ்டிக்கர் மட்டும் ஆடி ஆடித் தெரியும். ஆனாலும் ஒரு ஆள் நடந்து போகிறார் என்பது சட்டென்று புரிந்துவிடும். வயதானவரா, காலில் கொப்பளம் வந்தவரா என்பதைக்கூடச் சொல்லிவிடலாம்.

மோஷன் கேப்சர் ஸ்டூடியோவிலும் இதுதான் நடக்கிறது. நடிகரின் உடலோடு ஒட்டிய உடையில் தோள், முழங்கை, இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று பல இடங்களில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு உருண்டைகளை ஒட்டுவார்கள். இவற்றுக்கு மார்க்கர் என்று பெயர். சுற்றிலும் நிறைய கேமராக்கள் இருக்கும். ஒவ்வொரு மார்க்கரும் எந்த நொடியில் எங்கே இருந்தது என்பதை கம்ப்யூட்டர் கணக்கிட்டு, அதிலிருந்து ஒரு எலும்புக்கூட்டை அசைக்கும். அந்த எலும்புக்கூட்டின் மேல்தான் ராணாவின் உடலும் கவசமும் வருகின்றன. ‘கோச்சடையான்’ குழு இந்தப் பதிவை 2012 மார்ச்சில் லண்டனில் தொடங்கியது.

தமிழ்நாட்டுக்கு இது புதிய விஷயம் இல்லை. சென்னையில் இருந்த பென்டாபோர் நிறுவனம் (பிறகு பென்டாமீடியா) 2000-ஆம் ஆண்டிலேயே சிந்துபாத் கதையை முழுக்க மோஷன் கேப்சரில் செய்த முழுநீளப் படத்தில் பங்கு வகித்தது. இன்று அந்தப் படத்தை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு.

சரி, நிஜ மனிதர்களின் அசைவைப் பதிவு செய்தும் திரையில் ஏன் பொம்மை போலத் தெரிந்தது? ட்ரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் சில காரணங்கள் பிடிபடும்.

முதலில் பாதங்களைப் பாருங்கள். ஒருவர் நடக்கும்போது தரையில் ஊன்றிய பாதம் அசையக் கூடாது. அனிமேஷனில் அது ஓரிரு பிரேம்களுக்குச் சறுக்கினாலும் கண் கண்டுபிடித்துவிடும். சறுக்குகிறது என்று நமக்குத் தெரியாது, ஏதோ மிதப்பது போல இருக்கும். நடிகரின் கால் நீளமும் கம்ப்யூட்டர் உருவத்தின் கால் நீளமும் ஒன்றாக இல்லாதபோது இது வரும். அறுபது வயதைத் தாண்டிய ஒரு நடிகரின் அசைவை, அகன்ற தோள் கொண்ட ஒரு இளம் தளபதியின் உடலுக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு ஷாட்டையும் ஒரு அனிமேட்டர் உட்கார்ந்து கையால் திருத்தியாக வேண்டும்.

அடுத்தது எடை. மார்க்கர் இடத்தை மட்டுமே பதிவு செய்யும், பாரத்தைப் பதிவு செய்யாது. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்து வருபவர் பழனி அடிவாரத்தில் முதல் படியில் கால் வைப்பதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் இடுப்பு தயாராகிறது, பிறகு முட்டி மடங்குகிறது, தோள் கொஞ்சம் தாமதித்து வருகிறது. காவடி அவரைக் கீழே இழுக்கிறது என்பது அந்தத் தாமதத்தில்தான் தெரிகிறது. வெறும் கையோடு ஏறுபவரிடம் அது இருக்காது. நடிக்கும்போது கையில் லேசான கட்டை வாளைப் பிடித்திருந்தால் அந்த உடலுக்கு இரும்பு வாளின் பாரம் தெரியாது. பிறகு கம்ப்யூட்டரில் எவ்வளவு பெரிய வாளைக் கொடுத்தாலும் அது தெர்மோகோல்தான்.

மூன்றாவது விஷயம், ஒரு சாப்ட்வேர் இன்ஜினியராக எனக்கு மிகவும் சுவாரசியமானது. மார்க்கர் பதிவுகள் சுத்தமாக வராது. நடுக்கம் இருக்கும், சில பிரேம்களில் மார்க்கர் மறைந்தே போகும். இதைச் சரிசெய்ய பில்டர் போடுவார்கள். பில்டர் அசைவை மென்மையாக்கும். ஆனால் அதற்கு எது நடுக்கம், எது நடிப்பு என்று தெரியாது! ரஜினி ஸ்டைல் என்று நாம் சொல்வது என்ன? தலைமுடியைக் கோதுவது, சட்டென்று திரும்புவது, விரலைச் சொடுக்குவது. எல்லாம் கால் நொடி சமாச்சாரம். சினிமாவில் நொடிக்கு 24 பிரேம். கால் நொடி என்றால் வெறும் 6 பிரேம். பில்டரைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டால் அந்த 6 பிரேம் வெட்டு 12 பிரேம் வளைவாக மாறிவிடும். வேறு ஒரு நடிகராக இருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ரஜினிக்கு அது உயிர் போன மாதிரி. படத்தைப் பார்க்கும்போது இப்படித்தான் ஆகியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாயையும் பாருங்கள். ‘ப’, ‘ம’ என்ற எழுத்துகளைச் சொல்லும்போது உதடு ஒட்டியாக வேண்டும். “அம்மா” என்று சொல்லிப் பாருங்கள், புரியும். படம் பல மொழிகளில் வெளியானது. தெலுங்கில் ‘விக்ரமசிம்ஹா’. ஒரே முகம் எத்தனை மொழிக்குத்தான் வாயசைக்கும்?

முகம் பற்றி இன்னும் ஒன்று. ஜப்பானிய ரோபோ விஞ்ஞானி மசாஹிரோ மோரி 1970-லேயே ஒரு விஷயத்தைச் சொன்னார். பொம்மை மனிதனைப் போல ஆக ஆக நமக்குப் பிடிக்கும். ஆனால் ஏறக்குறைய மனிதனாகவே ஆகிவிட்ட இடத்தில் திடீரென்று அருவருப்பு வரும். 2004-ல் ஹாலிவுட்டில் வந்த ‘போலார் எக்ஸ்பிரஸ்’ படத்தையும், கண்ணில் உயிர் இல்லை என்று இதற்காகவே திட்டினார்கள். ‘அவதார்’ 2009-ல் இதைத் தாண்டியது. நடிகர்களின் தலையில் சிறிய கேமராவை மாட்டி முகத்தைத் தனியாகப் பதிவு செய்தார்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைப்பும் அதற்கேற்ற பணமும் இருந்தன. அதோடு அங்கே முகம் நீல நிறம். நீல நிற மனிதரை நாம் யாரும் நேரில் பார்த்ததில்லை, குறை தெரியாது. ரஜினி முகமோ நம் ஊர் ஆட்டோ முதல் டீக்கடை வரை ஒட்டியிருக்கும் முகம். நமக்கு அதில் ஒரு மயிரிழை மாறினாலும் தெரியும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்தப் படத்தை எனக்குப் பிடிக்கும். கதையில் ஒரு கனம் இருக்கிறது. விஷம் ஏறிச் சாகக் கிடக்கும் தன் வீரர்களைக் காப்பாற்ற, அவர்களை எதிரி நாட்டிடமே அடிமைகளாக ஒப்படைத்துவிட்டுத் திரும்புகிறான் தளபதி கோச்சடையான். மன்னன் அதைத் துரோகம் என்று சொல்லி மரண தண்டனை கொடுக்கிறான். மகன் ராணா அந்த வீரர்களை மீட்டு வருகிறான். கோச்சடையானுக்குத் தீர்ப்பு சொல்லும் காட்சியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ரஜினியின் குரல் அப்படியே முழுசாக இருக்கிறது. குரலுக்கு மார்க்கர் தேவையில்லையே. தூரக் காட்சிகளில் கோட்டையும் படையும் நன்றாகவே இருக்கின்றன. முகம் சிறியதாகும்போது படம் பெரியதாகிறது!

2009-ல் மறைந்த நாகேஷையும் இதில் கம்ப்யூட்டரில் உருவாக்கினார்கள். அன்று அது வித்தை. இன்று அது ஒரு பிரச்சினை. 2024-ல் ‘லால் சலாம்’ பாட்டில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களையும், அதே ஆண்டு ‘கோட்’ படத்தில் விஜயகாந்தின் உருவத்தையும் ஏஐ கொண்டு வந்தது. குடும்பத்தாரின் சம்மதம் முக்கியம் என்று இப்போது எல்லோரும் பேசுகிறோம்.

கொரியாவில் ஒரு கோச்சடையான்

குறையோடு முனைப்பாகச் செய்த படங்கள் மற்ற நாட்டிலும் உண்டு. ‘சிம்ப்ஸன்ஸ்’ போன்ற அமெரிக்கத் தொடர்களுக்கு சியோல் நகர ஸ்டூடியோக்கள் பல வருடங்களாகப் படம் வரைந்து கொடுத்து வந்தன. பிறருக்கு வேலை செய்த கைகளுக்கு, நமக்கென்று ஒரு படம் வேண்டும் என்ற ஆசை வருமல்லவா? கிம் மூன் செங் இயக்கிய ‘வொண்டர்புல் டேஸ்’ 2003-ல் வந்தது. மனிதர்களைக் கையால் வரைந்தார்கள், வாகனங்களை கம்ப்யூட்டரில் செய்தார்கள், நகரத்தை மினியேச்சராகக் கட்டிக் கேமராவில் எடுத்தார்கள். கண்ணுக்கு விருந்து. கதைதான் தள்ளாடியது, வசூலும் கைவிட்டது. நம் படத்துக்கு நேர் எதிர். ஆனால் மனித முகத்தைக் கையால் வரைந்ததால் அங்கே யாரும் பயப்படவில்லை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா வீட்டில் புது பிசி. தம்பி பிளஸ் ஒன் படிக்கிறான், அனிமேஷன் படிக்க வேண்டும் என்கிறான். ஒரு சென்டரில் சேர லட்ச ரூபாய்க்கு மேல் கேட்டிருக்கிறார்கள். சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏப்பா, ரஜினியே பண்ணி ஓடல. இவன் பண்ணி என்ன ஆகப் போகுது?” என்றார். நியாயமான கேள்வி. “பணம் கட்டாதீங்க சித்தப்பா. ஆறு மாசம் வீட்டுலயே செய்யட்டும். அப்பவும் ஆசை இருந்தா யோசிக்கலாம்” என்றேன்.

இப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டு மணி நேரப் படத்துக்கு 1,72,800 பிரேம்கள். உங்கள் பிசி ஒரு பிரேமை உருவாக்க 10 நிமிடம் எடுத்துக் கொள்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மொத்தம் 1,200 நாட்கள்! 3டி என்றால் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக, 2,400 நாட்கள். அதனால்தான் பெரிய படங்களுக்கு நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஒன்றாக இணைத்து வேலை வாங்குகிறார்கள். ஆனால் 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் வாங்கிய ‘ப்ளோ’ என்ற லாட்வியப் படம், பிளெண்டர் என்ற இலவச சாப்ட்வேரில் செய்யப்பட்டது. டைரக்டர் தன் சொந்த பிசியிலேயே பிரேம்களை ரெண்டர் செய்தார். ஒரு பூனை, சில விலங்குகள், வசனமே இல்லை. நிஜம் போல இருக்க வேண்டும் என்று அந்தப் படம் முயலவே இல்லை.

பிளெண்டரை அதன் சொந்தத் தளமான பிளெண்டர் டாட் ஓஆர்ஜியில் இருந்தே டவுன்லோடு செய்யுங்கள். 8 ஜிபி ராம் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். திறந்ததும் நடுவில் ஒரு சதுரக் கட்டை இருக்கும். முகம், ரஜினி எல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் அந்தக் கட்டையைக் கீழே போடுவோம். மவுஸை கட்டையின் மேல் வைத்து ‘ஜி’, ‘இசட்’, 5, என்டர் என்று வரிசையாகத் தட்டுங்கள். கட்டை 5 மீட்டர் உயரம் போகும். ‘ஐ’ கீயைத் தட்டுங்கள், மெனு வந்தால் லொகேஷன் என்பதைத் தேர்வு செய்யுங்கள். கீழே டைம்லைனில் 25-ஆவது பிரேமுக்குப் போய், மறுபடி ‘ஜி’, ‘இசட்’, மைனஸ் 5, என்டர், ‘ஐ’. பிளஸ் ஒன் பிசிக்ஸ் கணக்குப்படி 5 மீட்டர் விழ ஏறக்குறைய ஒரு நொடி, அதாவது 24 பிரேம் ஆகும். முதல் பிரேமுக்குத் திரும்பி ஸ்பேஸ் பாரைத் தட்டிப் பாருங்கள்.

நேரம் சரியாக இருந்தும் கட்டை பஞ்சு போல இறங்கும். தரையை நெருங்கும்போது வேகம் குறைகிறது பாருங்கள். இரண்டு பிரேம்களுக்கு நடுவில் பிளெண்டர் தானாகவே மென்மையாக்கிவிட்டது. டைம்லைனில் இரண்டு கீபிரேம்களையும் தேர்வு செய்து, மவுஸை அங்கேயே வைத்து ‘டி’ கீயைத் தட்டி, குவாட்ராடிக் என்பதைத் தேர்வு செய்யுங்கள். மறுபடி ஸ்பேஸ் பார். இப்போது கட்டை கல் மாதிரி விழும்.